மாடு மேய்க்கப் போனால் என்ன?

நம் வீடுகளில் எல்லோரும் கேட்டு வளர்ந்த ஒரு வசனம் உண்டு. கணக்கில் பி வாங்கினால் வரும். எஸ்.ஏ.டி. மதிப்பெண் குறைந்தால் வரும். வீடியோ கேம் கொஞ்சம் அதிகமாகிவிட்டாலும் வரும். "ஒழுங்காப் படிக்கலேன்னா மாடு மேய்க்கத்தான் போகணும்." எடிசனில் வளர்ந்து, அதுவரை ஒரு மாட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காத எனக்கே இதைச் சொன்னார்கள். எந்த மாட்டை, எங்கே போய் மேய்ப்பது என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் திட்டு விழுந்திருக்கும்.

அந்த வசனம் எனக்கு மறந்தே போயிருந்தது. சில வாரங்களுக்கு முன் ஒரு தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் திரும்ப நினைவுக்கு வந்தது. மேடையில் பெரிய பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், மருத்துவம், பிசினஸ் என்று பதில்கள் வந்தன. கைதட்டலும் வந்தது. பதினொன்றாவது படிக்கும் ஒரு பெண் மட்டும், "நான் அனிமல் சயின்ஸ் படிக்கப் போறேன். பண்ணை மாடுகளுக்கு டாக்டர் ஆகணும்" என்றாள். அரங்கத்தில் சிரிப்பு.

யாரும் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. ஆனால் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா ஒருவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் பன்னெண்டு வயசு வரைக்கும் மாடு மேய்ச்சவன்ப்பா. அதுலேருந்து தப்பிச்சு இங்க வந்து சேர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. இந்தப் பொண்ணு திரும்ப அங்கேயே போறேங்குது."

அவருக்கு அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இது அந்தப் பதில்தான். அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மாமா சொன்னது பொய்யில்லை. விடியற்காலையில் சாணி அள்ளிவிட்டுப் பள்ளிக்கு ஓடியவர்களுக்கு மாடு என்றால் மட்டு மரியாதையான ஒரு நினைவு இல்லை; உடம்பு வலிக்கிற நினைவு. அதைக் கண்டு ஏங்குவதற்கு நமக்கு உரிமை இல்லை. ஆனால் அவர் தப்பித்து வந்தது மாட்டிடமிருந்தா, வறுமையிடமிருந்தா? என் பார்வையில் வறுமையிடமிருந்துதான். இரண்டும் ஒரே தொழுவத்தில் கட்டிக் கிடந்ததால் ஒன்றாகத் தெரிகின்றன. இன்னொன்றும் இருக்கிறது. "மாடு மேய்க்கப் போ" என்று சொல்லும்போது நாம் கேவலப்படுத்துவது மாட்டை அல்ல, அதை மேய்க்கிற மனிதரை. யார் மேய்ப்பது, யார் பால் குடிப்பது, செத்த மாட்டை யார் தூக்குவது என்பதெல்லாம் நம் ஊரில் சாதியோடு கட்டப்பட்ட விஷயம். அந்தச் சிரிப்பையும் நாம் விமானத்தில் ஏற்றிக் கொண்டு வந்திருக்கிறோம்.

இத்தனைக்கும், தமிழில் மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. திருக்குறளில் கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில் அந்தச் சொல் அந்தப் பொருளில்தான் வருகிறது. படிப்புக்கும் மாட்டுக்கும் சண்டை மூட்டிவிட்டது பிறகு வந்தவர்கள்.

ஊரிலேயே இந்தப் படிப்பு இன்று எப்படி இருக்கிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. சென்னை வேப்பேரியில் இருக்கும் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. இந்தியாவில் இந்தத் துறைக்கென்றே அமைந்த முதல் பல்கலைக்கழகம் அதுதான். அங்கே கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பில் சேர ப்ளஸ் டூவில் மிக நல்ல மதிப்பெண் வேண்டும், கடும் போட்டி. அதாவது, மாட்டைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் நன்றாகப் படித்திருக்க வேண்டும்! நம் வீட்டு வசனம் தலைகீழாகிவிட்டது, வீட்டுக்கு இன்னும் செய்தி வரவில்லை.

இனி நாம் இருக்கும் இடத்துக்கு வருவோம்.

நியூ ஜெர்சியில் இருப்பவர்கள் ரட்கர்ஸ் வழியாக நூறு முறையாவது போயிருப்போம். நியூ பிரன்ஸ்விக்கில் அதன் குக் வளாகத்தில் ஆடுகள், குதிரைகள், பன்றிகள் உள்ள பண்ணை இருக்கிறது. அனிமல் சயின்ஸ் ஒரு முழுத் துறையாகவே அங்கு நடக்கிறது. ஏப்ரல் கடைசியில் நடக்கும் ஏக் ஃபீல்ட் டேயில், பல வாரங்கள் பழக்கிய விலங்குகளை மாணவர்கள் கயிற்றைப் பிடித்து நடத்திக் கொண்டு வந்து காட்டுவார்கள். நம் ஊர் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. இந்த மாநிலத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இல்லாமல் இருந்தது. படிக்க விரும்பியவர்கள் வேறு மாநிலம் போக வேண்டியிருந்தது. ரோவன் பல்கலைக்கழகத்தின் கல்லூரி 2025இல் முதல் வகுப்பைத் தொடங்கியதும் அந்தக் குறை தீர்ந்தது.

டெக்சாஸ் நண்பர்களே, ஹைவேயில் போகும்போது திமிலோடு, தொங்கும் கழுத்துத் தோலோடு நிற்கும் மாடுகளைப் பார்த்து "நம்ம ஊர் மாடு மாதிரி இருக்கே" என்று அப்பா சொல்லியிருப்பார். அவர் சொன்னது சரி. பிராமன் என்ற அந்த அமெரிக்க இனம் இந்திய மாடுகளிலிருந்து வந்தது. குஜராத்தின் கிர், காங்க்ரேஜ் மாடுகளோடு, அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாடுகளின் ரத்தமும் அதில் கலந்திருக்கிறது. ஐரோப்பிய மாடுகள் டெக்சாஸ் வெயிலிலும் உண்ணித் தொல்லையிலும் தவித்தன. நம் மாடுகள் தாங்கின. அவற்றை வளர்ப்பவர்களின் சங்கம் 1924இல் ஹியூஸ்டனில் தொடங்கியது. பார்க்கப் போனால் நமக்கு முன்பே குடியேறி, நன்றாக வேலை பார்த்து, மரியாதையோடு இருக்கிறவர்கள் அவர்கள்தான்.

அதே டெக்சாஸில்தான் 2024இல் வேறொன்று நடந்தது. மாநிலத்தின் வடக்கே, பேன்ஹேண்டில் பகுதிப் பண்ணைகளில் பசுக்கள் திடீரென்று தீனி எடுக்கவில்லை. பால் குறைந்தது. கறந்த பால் சீம்பால் மாதிரி கெட்டியாக, மஞ்சளாக இருந்தது. காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. அங்கிருந்த கால்நடை மருத்துவர்கள் இது வழக்கமான நோய் இல்லை என்று மாதிரிகளை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அது பறவைக் காய்ச்சல். மார்ச் 25 அன்று அரசு அறிவித்தது. கறவை மாடுகளில் அந்த வைரஸ் பரவுவதை உலகம் அறிந்தது அப்போதுதான். ஒரு வாரத்தில் டெக்சாஸ் பால் பண்ணைத் தொழிலாளி ஒருவருக்கும் தொற்று இருப்பது தெரிந்தது. பின்னர் கலிபோர்னியாவில் நூற்றுக்கணக்கான பண்ணைகளுக்குப் பரவி, டிசம்பரில் அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கோழிகளிலும் அதே வைரஸ். 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6 டாலரைத் தாண்டியது உங்கள் அம்மாவுக்கு நிச்சயம் நினைவிருக்கும்.

யோசித்துப் பாருங்கள். நோய் மனிதர்களிடம் வரும் முன் அதை முதலில் பார்த்தவர் மருத்துவமனையில் இருந்த டாக்டர் அல்ல. தொழுவத்தில் நின்று, பாலின் நிறத்தைப் பார்த்து, "இது சரியில்லையே" என்று நினைத்தவர். மாடு மேய்ப்பவரின் கண் என்பது அதுதான். அந்தக் கண்ணோடு நுண்ணுயிரியல் படிப்பும் சேர்ந்தால் அதன் பெயர் கால்நடை மருத்துவம்.

பே ஏரியாவிலிருந்து காரில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் டேவிஸ். பருவநிலை மாற்றம் பற்றிக் கவலைப்படும் நம் வயதுக்காரர்கள் அங்கே நடக்கும் ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். மாடு அசைபோடும்போது வயிற்றில் மீத்தேன் உண்டாகி, பெரும்பாலும் ஏப்பமாக வெளியே வருகிறது. எர்மியாஸ் கெப்ரியாப் என்ற பேராசிரியரின் குழு, தீனியில் ஒருவகைச் சிவப்புக் கடற்பாசியைச் சிறிதளவு கலந்து கொடுத்தது. மீத்தேன் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக 2021இல் வெளியிட்டார்கள். அது சில மாதங்கள், சில மாடுகளோடு நடந்த சோதனை. புல்வெளியில் தானாக மேயும் மாட்டுக்குத் தினமும் இதை எப்படிக் கொடுப்பது என்பது இன்னும் முழுதாகத் தீராத கேள்வி. உங்களில் ஒருவர் தீர்க்கலாம்.

"எனக்குக் கோடிங்தான் பிடிக்கும்" என்கிறீர்களா? 2009 முதல் அமெரிக்காவில் பால் மாடுகளின் மரபணுவைப் படித்தே, கன்றாக இருக்கும்போதே அதன் தரத்தைக் கணிக்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு காளை நல்லதா என்று தெரிய, அதன் மகள்கள் வளர்ந்து, ஈன்று, பால் கறக்கும் வரை பல வருடங்கள் காத்திருக்க வேண்டும். இப்போது அது பெரிய புள்ளிவிவரக் கணக்கு. கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அங்கேயும் வேண்டும்.

ஆகவே, அனிமல் சயின்ஸ் படித்தால் மருத்துவர் ஆவது மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். தீவன நிபுணர், இனவிருத்தி ஆய்வாளர், இறைச்சி, பால் பாதுகாப்பை மேற்பார்க்கும் அரசு அதிகாரி, மருந்து நிறுவன ஆராய்ச்சியாளர், விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் பல்கலைக்கழக அலுவலர், விலங்குக் காட்சிசாலைப் பணி என்று பாதைகள் பிரிகின்றன. வர்கீஸ் குரியனை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்தவர். பால் துறையில் ஆர்வமே இல்லாமல், கிடைத்த அரசு உதவித்தொகைக்காக மிச்சிகன் வந்தவர். 1949இல் வேண்டாவெறுப்பாக ஆனந்த் என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே அவர் வளர்த்ததுதான் அமுல். பால் பவுடரை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த இந்தியா, பின்னர் உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடானது.

இனிமேல் கசப்பான பகுதி. மறைத்தால் அது நேர்மையாக இருக்காது.

முதலாவது பணம். கால்நடை மருத்துவர் ஆக, நான்கு வருடக் கல்லூரிக்குப் பிறகு இன்னும் நான்கு வருடம். மனித மருத்துவத்துக்கு இணையாகச் செலவு, சம்பளமோ அந்த அளவு வராது. கடன் இருக்கும். மருத்துவர் இல்லாத கிராமப் பகுதியில் மூன்று வருடம் வேலை செய்தால் அரசு கடனில் ஒரு பகுதியைக் கட்டும் திட்டம் இருக்கிறது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். சொந்த மாநிலக் கல்லூரி கிடைத்தால் சுமை பெரிதும் குறையும்.

இரண்டாவது சாவு. "எனக்கு நாய்க்குட்டி ரொம்பப் பிடிக்கும்" என்பது மட்டும் போதாது. பண்ணை விலங்குகளில் பெரும்பாலானவை கடைசியில் இறைச்சிக்குப் போகின்றன. ஹியூஸ்டன் ரோடியோவில் ஒரு மாணவர் மாதக்கணக்கில் குளிப்பாட்டி வளர்த்த காளை ஏலத்துக்குப் போகும்போது அந்தப் பிள்ளை அழுவதும் உண்டு. நம்மில் பலர் சைவக் குடும்பம், பலர் மாட்டிறைச்சி சாப்பிடாத குடும்பம். இது எளிதாக இருக்காது. அதனால்தான் விலகி நிற்க வேண்டும் என்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் டெம்பிள் கிராண்டினை நினைத்துப் பாருங்கள். மாடுகள் எதைக் கண்டு மிரள்கின்றன என்று கவனித்து, இறைச்சிக்கூடங்களின் வழித்தடங்களையே மாற்றி வடிவமைத்தவர் அவர். வட அமெரிக்க மாடுகளில் ஏறக்குறைய பாதி, அவர் வடிவமைத்த அமைப்புகள் வழியாகச் செல்கின்றன என்பார்கள். வெளியே நின்று கோபப்பட்டிருந்தால் அந்த மாடுகளின் பயம் குறைந்திருக்காது. விலங்குகளின் வலி தெரிந்தவர்கள்தான் இந்தத் துறைக்குள் வேண்டும்.

2017 சனவரியில் ஜல்லிக்கட்டுக்காக அமெரிக்க நகரங்களிலும் தமிழர்கள் குளிரில் கூடி நின்றார்கள். காங்கேயம், புலிக்குளம், உம்பளச்சேரி என்று நாட்டு மாட்டு இனங்களின் பெயர்கள் அப்போது எல்லோர் வாயிலும் இருந்தன. நல்லதுதான். ஆனால் அந்த இனங்கள் மீது அவ்வளவு பாசம் உள்ள நாம், அவற்றைப் பற்றிப் படிக்கிறேன் என்று ஒரு பெண் சொன்னதும் சிரிக்கிறோம். இது எனக்குப் புரியவில்லை.

எல்லோரும் இதைப் படியுங்கள் என்று சொல்லவில்லை. உங்களில் இரண்டு பேருக்கு உள்ளுக்குள் இந்த ஆசை இருந்தால், ஒரு பழைய வசனத்துக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இந்தக் கோடையில் 4-எச் அமைப்பிலோ, பள்ளியில் எஃப்.எஃப்.ஏ. இருந்தால் அதிலோ சேருங்கள். விலங்குகள் காப்பகத்தில் தன்னார்வலராகப் போய்க் கூண்டு கழுவுங்கள். கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இந்த அனுபவ நேரத்தைக் கேட்கும். நாற்றம் பிடிக்கவில்லை என்றால் அதுவும் இப்போதே தெரிந்துவிடும், நல்லதுதான்.

ஊருக்குப் போன் போடும்போது தாத்தாவிடமோ பாட்டியிடமோ வீட்டில் இருந்த மாட்டின் பெயரைக் கேளுங்கள். மாடு வளர்த்த வீடாக இருந்தால் லட்சுமி என்றோ செவலை என்றோ ஒரு பெயர் வரும். பிறகு அது எந்த வருடம் கன்று போட்டது, எப்படி நோயில் விழுந்தது, என்ன கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்று அரைமணி நேரம் கதை வரும். பட்டம் இல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருந்த பாடம் அது.

ஆண்டு விழாவில் சிரித்தவர்களுக்கு நடுவே நின்ற தங்கைக்கு: போ, நன்றாக மாடு மேய். அடுத்த முறை பாலின் நிறம் மாறும்போது, அதை முதலில் பார்ப்பது நீயாக இருக்கலாம்.