பள்ளி திறக்கிறது, சங்கப் பதிவேட்டையும் திறப்போம்!

கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும்போது, தமிழ்நாட்டின் கல்வித் துறைச் சிப்பந்திகளுக்கு மூச்சுவிட நேரம் இராது. பாட நூல் வழங்க வேண்டும். சேர்க்கைக்காக வீடு வீடாகப் போக வேண்டும். கணினியில் விவரம் ஏற்ற வேண்டும். இந்தச் சமயத்தில் சங்கங்கள் உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவது வழக்கம். அதில் என்ன இருக்க வேண்டும் என்பது குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

சாதாரணமாக அதில் இடம்பெறும் விஷயங்கள் அவசியமானவையே. உதாரணமாக, ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்; 61 முதல் 90 வரை என்றால் மூன்று பேர். ஒரே ஒரு பிள்ளை குறைந்தால் ஓர் ஆசிரியர் ‘உபரி’ ஆகிவிடுகிறார். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் நடத்துவது எப்படி என்று சட்டம் கேட்பதில்லை. ஆகவே ஜூன், ஜூலை மாதங்களில் நடக்கும் சேர்க்கை வேலை, பிள்ளைகளின் படிப்பையும் ஆசிரியரின் இடத்தையும் ஒருங்கே காப்பாற்றும் வேலை.

தகுதித் தேர்வு இன்னொரு பெரிய விஷயம். 1-9-2025 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டாம் வகுப்பு வரை போதிக்கும் ஆசிரியர்களில், ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இல்லையேல் வேலையை விட வேண்டும் என்றது. ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக உள்ளவர்கள் தொடரலாம். ஆனால் தேறாமல் பதவி உயர்வு இல்லை என்றது. இந்தத் தேர்வு என்ற ஏற்பாடே 2010 ஆகஸ்ட் 23ஆம் தேதி அறிவிக்கையில்தான் வந்தது. அதற்கு முன்பே, அன்றிருந்த விதிகளின்படி, சகல தகுதிகளோடும் வேலைக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். இருபது வருஷம் கரும்பலகை முன் நின்றவரைப் பார்த்து, ‘நீ ஆசிரியர்தானா?’ என்று கேட்பது என்ன நியாயம்? உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பணிப் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியையும் வேலையில் சேர்ந்த தேதியையும் சரிபார்க்க வேண்டும். தேர்வு எழுத வேண்டியவர்களைக் கிளைச் சங்கம் தனியே விட்டுவிடாமல், சேர்ந்து படிக்க வழி செய்ய வேண்டும். போராட்டமும் படிப்பும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல.

இவ்வளவும் சரி. ஆனால் இவையெல்லாம் நிரந்தர ஆசிரியரின் விஷயங்கள். பள்ளிக்கூடம் என்பது நிரந்தர ஆசிரியர் மட்டும்தானா?

பள்ளியின் கேட்டில் காலை வேளையில் நின்று பாருங்கள். முதலில் வருபவர் ஆசிரியர் அல்ல. வளாகத்தைக் கூட்டிக் கழிப்பறையைக் கழுவும் தாய் வருகிறார். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கு உப்புமாவும் பொங்கலும் கிண்டும் சுய உதவிக் குழுப் பெண்கள் வருகிறார்கள். பிறகு சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் வருகிறார்கள். அலுவலக உதவியாளர் வருகிறார். ஓவியமும் தையலும் உடற்கல்வியும் சொல்லித் தரும் பகுதிநேர ஆசிரியர் வருகிறார். இவர்களில் ஒருவர் வராவிட்டாலும் பள்ளி நொண்டும்.

பகுதிநேர ஆசிரியரின் கதையைக் கேளுங்கள். 2012இல் 16,000க்கும் மேற்பட்டவர்கள் மாதம் ரூ.5,000 சம்பளத்தில் எடுக்கப்பட்டார்கள். பத்து வருஷத்துக்கும் மேலாக அவர்களுக்கு மே மாதச் சம்பளமே தரப்படவில்லை. பள்ளிக்கு விடுமுறை என்றால் வயிறும் விடுமுறை எடுத்துக்கொள்ளுமா? ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளன்று கடனோடுதான் அவர்கள் வாசற்படி ஏறினார்கள். அவர்களுடைய சம்பளம் ‘சமக்ர சிக்‌ஷா’ திட்டத்தோடு பிணைக்கப்பட்டது. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25ஆம் ஆண்டுக்கான நிதி ரூ.2,152 கோடியை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. டில்லியில் குழாயை மூடினால், முதலில் தாகம் எடுப்பது கடைசிப் படியில் நிற்பவருக்குத்தான்.

நிரந்தர ஆசிரியர்களுக்குள்ளும் பிளவு உண்டு. 2009 ஜூன் 1ஆம் தேதிக்குப் பின் வந்த இடைநிலை ஆசிரியருக்கு, முன்னவருக்கு இருந்த ரூ.8,370க்குப் பதில் ரூ.5,200 அடிப்படைச் சம்பளம் என்று நிர்ணயித்தார்கள். ஒரே வகுப்பு, ஒரே பாடம், சம்பளம் இரண்டு! 2003 ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பின் வந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. தேதியைக் காட்டித் தொழிலாளியைத் துண்டு போடும் வித்தை இது.

இங்கே நம்மையும் விமர்சித்துக்கொள்வது கடமை. சில வருஷங்களுக்கு முன் ஒரு தாலுகா ஊரில், பள்ளிக் கட்டிடத்தில் நடந்த ஆசிரியர் சங்கக் கிளைக் கூட்டத்தில் பேசப் போயிருந்தோம். ஒரு மணி நேரம் பேசினோம். ஒன்பது தீர்மானங்கள் நிறைவேறின. கூட்டம் முடிந்ததும் பெஞ்சுகளை வரிசைப்படுத்தியதும், டீ டம்ளர்களைக் கழுவியதும் அந்தப் பள்ளியைக் கூட்டும் அம்மாள். கூட்டம் முழுக்க அவர் தாழ்வாரத்தில்தான் நின்றிருந்தார். ஒன்பது தீர்மானத்தில் ஒன்றுகூட அவரைப் பற்றியதல்ல. நாமும் அவரை ‘உள்ளே வந்து உட்காருங்கள்’ என்று சொல்லவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

சில நண்பர்கள் கேட்கிறார்கள்: “எங்கள் கோரிக்கையே தீரவில்லையே! அவர்களுக்குத்தான் தனிச் சங்கம் இருக்கிறதே! அவர்கள் சுமையையும் ஏன் ஏற்ற வேண்டும்?” அனுதாபத்தின் பேரில் ஏற்றச் சொல்லவில்லை. அனுபவத்தின் பேரில் சொல்கிறோம்.

2003 ஜூலை வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். சுமார் 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை கிடையாது என்று, டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில் 6-8-2003 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்து 2019 ஜனவரி 22 முதல் 30 வரை நடந்த ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம். ரூ.10,000 சம்பளத்தில் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கப் போவதாக அப்போது சர்க்கார் அறிவித்தது. அந்தச் சம்பளத்துக்கு வர யார் இருந்தார்கள்? ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில்லாமல் இருந்த நம் வீட்டுப் பிள்ளைகள்! அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். பட்டினி கிடப்பவனிடம் கட்டுப்பாட்டை மட்டும் எதிர்பார்க்க முடியாது. பத்தாயிரத்துக்கு ஆள் உண்டு என்ற நிலைமை இருக்கும் வரை, நிரந்தர ஊழியரின் சம்பளமும் ஓய்வூதியமும் கத்தி முனையில்தான் இருக்கும். சங்கத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவரைத்தான் நாளை சங்கத்துக்கு எதிராக நிறுத்துவார்கள்.

‘பணம் எங்கே?’ என்பார்கள். தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 6 பங்கு கல்விக்கு வேண்டும் என்று கோத்தாரி கமிஷன் 1966இல் சொன்னது. 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6ஐத் திருப்பிச் சொன்னது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த எண் காகிதத்திலேயே இருக்கிறது. இல்லாதது பணமல்ல, கொடுக்க மனம்.

ஆகவே கிளைச் சங்கங்களுக்கு நமது யோசனைகள் இவை. முதலாவது, பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அங்கு உழைக்கும் எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். நிரந்தரமா, பகுதிநேரமா, ஒப்பந்தமா, சம்பளம் எவ்வளவு, கடைசியாக எந்த மாதச் சம்பளம் கைக்கு வந்தது என்று கேட்டு எழுதுங்கள். இரண்டாவது, முதல் கிளைக் கூட்டத்துக்கு அவர்களையும் அவர்களுடைய சங்கத்தாரையும் அழையுங்கள். தாழ்வாரத்தில் அல்ல, பெஞ்சில் உட்கார வையுங்கள். மூன்றாவது, கல்வி அதிகாரியிடம் கொடுக்கும் மகஜரில் மிகக் குறைந்த சம்பளக்காரரின் கோரிக்கை முதலில் இருக்கட்டும். நான்காவது, பெற்றோர்களிடம் இதைச் சொல்லுங்கள். சோறு பொங்குபவரும் கழிப்பறை கழுவுபவரும் கௌரவமாக வாழ்ந்தால்தான் தங்கள் பிள்ளையின் பள்ளி நன்றாக இருக்கும் என்பது அவர்களுக்கு உடனே புரியும்.

வகுப்பில் ஆசிரியர் தினமும் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒரு பெயர் விடாமல் கூப்பிடுகிறார். சங்கமும் அப்படியே கூப்பிடட்டும்.