காற்றுக்கும் மழைக்கும் ஏற்ற கூடாரம்

மலையேறி வெளியிலே தங்கிவர விரும்பும் மாணவர் நம்மிடையே பலர். அவர்கள் கூடாரம் வாங்கப் புகுங்கால், துணியைத் தடவிப் பார்ப்பதும், அஃது எத்தனை மில்லிமீட்டர் நீரைத் தாங்குமென வினாவுவதுமே வழக்கமாயிருக்கின்றது. அவ்வினா வேண்டுவதே, ஆயினும் முதல் வினா அதுவன்று. கூடாரம் நிலத்தை எங்ஙனம் பற்றி நிற்கும் என்பதே முதற்கண் ஆராயத்தக்கது என்பது எம் கருத்து.

1911ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஸ்காட் தலைமையில் அண்டார்க்டிகா சென்ற கூட்டத்தாருள் வில்ஸன், பௌவர்ஸ், செர்ரி-கரார்டு என்னும் மூவர், பெங்குவின் முட்டைகளை நாடிக் குரோசியர் முனைக்குச் சென்றனர். விளிம்பின்மேல் பாரம் ஏற்றி வைத்திருந்தும், சூறைக்காற்று அவர்தம் கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. காற்றுத் தணிந்தபின் ஏறக்குறைய அரை மைல் தூரத்தில் அஃது அகப்பட்டது; பெரிதும் சேதமின்றியே இருந்தது. அதனாலேயே மூவரும் உயிருடன் மீண்டனர். துணி தோற்கவில்லை, பிடிப்பே தோற்றது.

நமது நீலகிரியிலும் ஆனைமலையிலும் பனிச்சூறை இல்லை. ஆனால் தென்மேற்குப் பருவமழையில் ஊறிய மண் உண்டு. அம்மண்ணில் மெல்லிய கம்பி முளைகள் எளிதிற் கழன்றுவிடும். நீண்டு அகன்ற முளைகளே வேண்டும். தாங்கு கம்புகள் ஒன்றையொன்று பல இடங்களிற் குறுக்கிட்டுச் செல்வனவாகவும், அவற்றின் நடுவுயரத்தில் இழுகயிறு கட்ட வளையங்கள் உள்ளனவாகவும் இருத்தல் நன்று. உயரம் குறைந்த கூடாரத்தினுள் குனிந்து புகுதல் சிரமமே. ஆனால் அது காற்றுக்குக் காட்டும் முகமும் சிறிதன்றோ?

அடுத்தது மழை. கூடாரத்தினுள் காணும் ஈரமனைத்தும் வானத்து நீரன்று. உறங்குவோர் மூச்சும் குளிர்ந்த துணியிற் பட்டு நீராகும். ஆதலின் உள்துணி, வெளித்துணி என இரண்டும், அவற்றிடையே காற்றோட்டமும் இன்றியமையாதன. வெளித்துணியை முன்னர்க் கட்டத்தக்க அமைப்பாயின், கொட்டும் மழையிலும் உள்ளறை நனையாது. நைலான் துணி நனைந்தால் தளரும் இயல்பினது. எனவே படுக்குமுன் கயிறுகளை மீண்டும் இறுக்குதல் வேண்டும்.

இத்தகைய கூடாரம் விலை மிகுதி என்பர் சிலர். நனைந்த உடலிற் காற்றுப்படின் வெப்பம் விரைந்து நீங்கும். சமவெளியில் வாழும் நாம் எளிதாய் எண்ணும் அக்குளிர் உயிரையும் வாங்கவல்லது. வாங்குபவர் ஒருவர், உள்ளே உறங்குபவர் பலர். ஒருவரது சிக்கனத்திற்காகப் பலர் நடுங்குதல் முறையாகுமோ?

மாணவ நண்பர்காள், வாங்கிய கூடாரத்தை மலைக்குக் கொண்டுபோகுமுன், மழைநாள் ஒன்றிற் கலாசாலை மைதானத்திலே அடித்து ஓரிரவு உறங்கிப் பாருங்கள். ஆங்கே ஒழுகினால் ஓடிப்புக விடுதி உண்டு; மலையுச்சியில் அஃதில்லை.