வண்ண இலைச் செடிகள்

தசரா நாட்களில் குப்பண்ணா பூங்காவின் மலர்க் கண்காட்சியைக் கண்டு திரும்பியதும், நம் விஜயநகர்க் குடும்பங்கள் பல குரோட்டன்ஸ் தொட்டி வாங்கி வாயிலில் வைக்கின்றன. சில திங்களில் செம்மையும் மஞ்சளும் மங்கிப் பச்சையாகிவிட்டதென அவர்கள் வருந்துவதையும் நாம் காண்கிறோம். இது நோயன்று, வெயிற் குறைவு. நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் வெயில் பட்டால் புதுத் தளிர்கள் நிறம் பெறும். ஆயின் நிழலிலிருந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்கு மாற்றலாகாது, இலை கருகும். ஓரிரு வாரம் சிறிது சிறிதாகப் பழக்குக.

கலேடியத்தின் இயல்பு வேறு. அது சேம்பின் இனம், இளநிழலை விரும்பும். பனிக்காலத்தில் இலை மடிந்தால், இறந்ததென எண்ணிக் கிழங்கை எறிந்துவிட வேண்டா. உலர்வாகக் காத்துவைத்தால் கோடை மழையில் மீண்டும் துளிர்க்கும்.

ஓர் எச்சரிக்கை. கலேடியம், டிஃபன்பேக்கியா இலைகளில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. மழலை கடித்தால் வாயும் நாவும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தை உள்ள இல்லத்தில் இவற்றை எட்டாத இடத்தில் வைப்பதே அறிவுடைமை. கடித்துவிட்டால் வாயைத் துடைத்துக் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுக.

குரோட்டன்ஸ் மலேயத் தீவுகளிலும் பசிபிக் தீவுகளிலும் பிறந்து, இம்மண்ணில் வேர்கொண்ட செடி. மழைக்காலத்தில் அதன் ஒரு சாண் கிளையை மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் வேர்விடும். நம் தெருவுக்குப் புதிதாய்க் குடிவந்த குடும்பத்துக்கு அத்தகைய தொட்டி ஒன்றை அளிப்போமாக.