புள்ளி தெரியாத பிள்ளைகள்

பல்கலைக்கழகத்தில் நுழையுமுன் மருத்துவப் பரிசோதனைப் பாரம் ஒன்றை நிரப்பிக் கொண்டு வரச் சொல்வார்கள். அந்தப் பாரத்துக்காக ஜார்ஜ்டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். டாக்டர் வலது கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னார். பெரிய முதல் எழுத்தைத் தவிர மற்றவை கலங்கிப் போயின. என் இடது கண் இப்படி என்பது அதுவரை எனக்கோ என் பெற்றோருக்கோ தெரியாது. இரு கண்களும் திறந்திருக்கையில் நல்ல கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. வீட்டில் யார் ஒரு கண்ணை மூடிச் சோதித்துப் பார்க்கிறார்கள்?

இதைச் சோம்பேறிக் கண் என்கிறார்கள். அநியாயமான பெயர். இரு கண்களின் பவரும் மிகவும் வேறுபட்டிருந்தால், அல்லது ஒன்று மாறுகண்ணாக இருந்தால், மங்கலாக வரும் படத்தை மூளை ஒதுக்கத் தொடங்குகிறது. நாளடைவில் அந்தக் கண்ணைக் கொண்டு பார்க்கவே அது கற்றுக்கொள்வதில்லை. ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் சிகிச்சை எளிது. தகுந்த கண்ணாடி போட்டு, தேவையானால் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மறைத்து வைப்பார்கள். அதன் பிறகும் சிலருக்குப் பலன் கிடைப்பதுண்டு. ஆகவே பத்து வயதுப் பிள்ளையையும் கைவிட வேண்டியதில்லை. எனக்குக் காலம் கடந்துவிட்டது.

என் கதையை எழுதக் காரணம், நம் கழகம் தமிழ்ப்பள்ளியில் நடத்தும் சனிக்கிழமை வகுப்பு. அங்கே நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் வெண்பலகையில் எழுதியதைப் புள்ளியே இல்லாமல் பெயர்த்தெழுதுவான். 'பள்ளி' என்பது 'பளளி' ஆகும். கொம்புக்குச் சுழி இருக்காது. கவனக்குறைவு என்று நானே இரண்டு முறை கடிந்துகொண்டேன். மூன்றாவது வாரம்தான் அவன் பலகையைப் பார்த்து எழுதவில்லை, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறான் என்பதைக் கவனித்தேன். என் கதையை அறிந்த நானே இரண்டு வாரம் தவறவிட்டேன். அவனுக்குக் கிட்டப்பார்வை, தூரத்தில் இருப்பது தெரியாது. எழுத்துக்குப் புள்ளி தெரியாததால் தேர்விலும் புள்ளி குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

பள்ளிச் சுகாதாரக் குழு பரிசோதிக்கத்தான் செய்கிறது: முதலாம் ஆண்டில் ஒரு முறை, ஆறாம் ஆண்டில் ஒரு முறை, பிறகு மூன்றாம் படிவத்தில். இடைப்பட்ட ஆண்டுகளில் கண் சும்மா இருப்பதில்லை. கோம்பாக் மாவட்டத்துப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், கிட்டப்பார்வை ஏழு வயதில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. பதினைந்து வயதில் 34 பேர். முதலாம் ஆண்டில் தேறிய கண் நான்காம் ஆண்டிலும் நன்றாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சோம்பேறிக் கண்ணுக்கோ முதலாம் ஆண்டே ஏறத்தாழக் கடைசி பஸ்.

நம் வீடுகளில் வேறு சில நம்பிக்கைகளும் உண்டு. மாறுகண் அதிர்ஷ்டம் என்பார்கள். பிறந்து சில மாதங்கள் வரை குழந்தையின் கண் அவ்வப்போது விலகுவது இயல்பு. அதற்குப் பிறகும் விலகினால் அது அதிர்ஷ்டம் அன்று, டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறி. கண்ணாடி போட்டால் பவர் கூடிவிடும் என்பதும் தவறு. பிள்ளை வளர வளரக் கண்ணும் நீள்வதால்தான் கூடுகிறது. தீபாவளிக்கு எடுத்த படத்தில் பிளாஷ் வெளிச்சத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் தாமதிக்கவே கூடாது. அது விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கே வருவது.

மொழிக் கழகத்துக்கு இது எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். தமிழ் எழுத்தில் ஒரு புள்ளிதான் மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிக்கிறது. அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாத பிள்ளைக்கு இலக்கணப் பயிற்றி அச்சடித்துக் கொடுத்து என்ன பயன்? தன்முனைப்பு முகாமில் 'உன்னால் முடியும்' என்று மைக்கில் முழங்குகிறோமே, அவன் கடைசி வரிசையில் அமர்ந்து எதைப் பார்க்கிறான் என்று கேட்டதுண்டா? இது புதிய யோசனையும் அன்று. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பள்ளி ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து முதற்கட்டப் பரிசோதனையை அவர்களிடம் விட்டிருக்கிறது. ஆசிரியரால் முடிவது நம்மாலும் முடியும்.

தேவையானவை குறைவு: ஓர் எழுத்து அட்டை, ஆறு மீட்டர் கயிறு, ஒரு கண்ணை மறைக்க ஒரு துண்டு அட்டை. விரலிடுக்கால் எட்டிப் பார்ப்பார்கள் என்பதால் கையால் மூடச் சொல்லக் கூடாது. தலையைச் சாய்த்துப் படிப்பவர், வரி தவறவிடுபவர், வெயிலில் ஒரு கண்ணை மட்டும் மூடுபவர் பெயரைத் தனியே குறித்துக்கொள்ளலாம். நோய் இன்னதென்று சொல்வது நம் வேலை அன்று. தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் தெரிவிப்பதே நம் பொறுப்பு. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்தான் கட்டணம்; அங்கிருந்து ரெசிடென்சி சாலைப் பொது மருத்துவமனையின் கண் பிரிவுக்குக் கடிதம் வாங்கலாம். கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு நாள் விடுப்பே பெரிய செலவு என்பதால், நம்மில் யாராவது துணைக்குப் போக வேண்டி வரும்.

அந்தப் பையன் இப்போது கண்ணாடி போட்டிருக்கிறான். புள்ளியெல்லாம் வைக்கிறான். லகர ளகரக் குழப்பம் மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த செயலவைக் கூட்டத்தில் எழுத்து அட்டைக்கும் கயிற்றுக்கும் பணம் கேட்கப் போகிறேன்.