மூடப்படும் ஆட்டக் கழகங்கள்

'கழகம்' என்னும் சொல் தமிழர்க்குப் புதிதன்று. இன்று அச்சொல்லைக் கேட்ட அளவிலே பல்கலைக்கழகமும் பதிப்புக் கழகமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், திருவள்ளுவர் 'சூது' என்னும் அதிகாரத்தில் சூதாடும் இடத்தையே கழகம் என்று குறிப்பிடுகின்றார். கற்றோர் கூடும் அவைக்கும் கைப்பொருள் தொலைக்கும் களத்திற்கும் ஒரே பெயர் வழங்கியிருப்பது வியப்பன்று. கூடுமிடம் என்பது வெறும் இடமே, அங்குக் கூடுவோர் செய்வது யாது என்பதே அதனை உயர்த்துகிறது, அதுவே தாழ்த்துகிறது.

இச்சொல்லை ஈண்டு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்து நாட்டில் ஸ்னூக்கர் முதலிய மேசைப் பந்தாட்டங்களுக்கென்று அமைந்த கழகங்கள் கடந்த இருபது ஆண்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு வருகின்றன. வகுப்பில் ஒருநாள் பேச்சுவாக்கில் இதனைக் கூறினேன். மாணவர் ஒருவர் எழுந்து, "நல்லதுதானே ஐயா! அங்கே போகிறவன் உருப்படுவானா?" என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆயினும் அவ்வினா என்னை விட்டு அகலவில்லை. உருப்படாதோர் கூடுவதாகக் கருதப்படும் ஓரிடம் மூடப்பட்டால், அதனோடு உருப்படாமையும் ஒழிந்துவிடுமா? அவ்விளைஞர்கள் மாலைப்பொழுதில் எங்கே செல்வர்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உதகையில் எழுதப்பட்ட விதிகள்

ஸ்னூக்கர் ஆட்டம் பிறந்தது இங்கிலாந்தில் அன்று. நம் இந்திய மண்ணில்தான். 1875ஆம் ஆண்டு, ஜபல்பூரில் பாடி கொண்டிருந்த ஆங்கிலப் படையின் அதிகாரிகள் மழைக்காலப் பொழுதைப் போக்க பில்லியர்ட்ஸ் மேசையில் பலவகை ஆட்டங்களை ஆடி வந்தனர். அவர்களுள் ஒருவர் நெவில் பிரான்சிஸ் சேம்பர்லின் என்னும் இளம் அதிகாரி. பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமராக விளங்கிய சேம்பர்லின் வேறு, இவர் வேறு. இவர் வழக்கிலிருந்த ஆட்டங்களை இணைத்து, மேலும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் புதிய ஆட்டம் ஒன்றை அமைத்தார். பயிற்சிக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவனைக் கேலியாகக் குறிக்கும் 'ஸ்னூக்கர்' என்னும் சொல், எளிய பந்தைத் தவறவிட்ட தோழர் ஒருவரை நோக்கி எறியப்பட்டு, ஆட்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. 1880களின் தொடக்கத்தில் அவர் உதகமண்டலத்திற்கு வந்தபோது, அங்குள்ள உதகை மன்றத்தின் பில்லியர்ட்ஸ் அறையில் இவ்வாட்டத்தின் விதிகள் எழுதி வைக்கப்பட்டன.

சில ஆண்டுகளுக்கு முன் கல்விச் சுற்றுலாவாக மாணவர்களுடன் உதகைக்குச் சென்றிருந்தேன். அம்மன்றம் இன்றும் உறுப்பினர்க்கே உரியது. ஆதலின் சாலையோரத்தில் நின்றவாறே இவ்வரலாற்றைச் சொன்னேன். உலகெங்கும் ஆடப்பெறும் ஓர் ஆட்டத்தின் விதிகள் நம் நீலகிரியில் எழுதப்பட்டன என்பது பெருமையே. எனினும் அயலார் ஆட்சிக் காலத்தில் அவ்வறையின் கதவு நம்மவர்க்குத் திறந்திருக்கவில்லை என்பதையும் மறத்தற்கில்லை.

மது இல்லாத மன்றங்கள்

அதிகாரிகளின் மாளிகையில் பிறந்த ஆட்டம், இங்கிலாந்துக்குச் சென்றபின் தொழிலாளர் ஆட்டமாயிற்று. இதில் நம் பெரியோர் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1906ஆம் ஆண்டு இலங்காஷயரில், மதுவிலக்குக் கொள்கையை அடிப்படையாகக் கொண்டு பில்லியர்ட்ஸ் மன்றங்களை அமைக்க ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. உழைத்துக் களைத்த தொழிலாளி மாலையில் மதுக்கடைக்குச் செல்லாதிருக்க வேண்டுமாயின், அவன் செல்வதற்கு வேறோர் இடம் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். வட இங்கிலாந்திலும் இலண்டனிலும் அத்தகைய மன்றங்கள் பல எழுந்தன. அங்கு ஆட்டம் உண்டு, மது இல்லை. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் தம் ஊதியத்திலிருந்து சிறுதொகை ஈந்து எழுப்பிய நிலையங்களில் ஒருபுறம் நூலகமும் மறுபுறம் பில்லியர்ட்ஸ் மேசையும் இருந்தன.

இவ்விடங்களே ஆட்டக்காரர்களை ஈன்றன. 1927இல் நடந்த முதல் உலகப் போட்டியில் வென்று, 1946 வரை நடந்த பதினைந்து போட்டிகளிலும் தோல்வியே காணாத ஜோ டேவிஸ் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். 1970களில் ஆறு முறை உலக வாகையர் பட்டம் பெற்ற ரே ரியர்டன் தாமே சுரங்கத்தில் உழைத்தவர்.

காலத்தின் கோலம் பாருங்கள்! அன்று மதுவை விலக்குவதற்காக எழுப்பப்பட்ட அம்மன்றக் கட்டடங்களுள் சில இன்று மதுக்கூடங்களாகவே மாறிவிட்டன. ஆட்டக் கழகம் மூடப்பட்டதனால் மது ஒழியவில்லை. கழகம் இருந்த இடத்திலேயே மது வந்து அமர்ந்தது.

வளர்ச்சியும் தளர்ச்சியும்

1969இல் பிபிசி தொலைக்காட்சி, வண்ண ஒளிபரப்பின் சிறப்பைக் காட்டுவதற்கு ஏற்ற ஆட்டம் எனக் கருதி ஸ்னூக்கர் நிகழ்ச்சியைத் தொடங்கியது. பச்சைக் கம்பளி விரித்த மேசையில் பதினைந்து சிவப்புப் பந்துகளும் ஆறு வண்ணப் பந்துகளும் ஒரு வெள்ளைப் பந்தும் உருளும் காட்சி மக்களைக் கவர்ந்தது. 1985ஆம் ஆண்டு ஷெஃபீல்டு நகரின் குரூசிபிள் அரங்கில் ஸ்டீவ் டேவிசும் டென்னிஸ் டெய்லரும் மோதிய இறுதி ஆட்டம், கடைசிக் கறுப்புப் பந்தில்தான் முடிவுற்றது. நள்ளிரவு கடந்தும் 1 கோடியே 85 இலட்சம் பேர் கண்விழித்து அதனைக் கண்டனர். அக்காலத்தில் ஊர்தோறும் புதிய கழகங்கள் தோன்றின.

பின்னர் அவை தளர்ந்தமைக்குக் காரணம் ஒன்றன்று; பல. முதலாவது, இடத்தின் விலை. முழு அளவுள்ள மேசை 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது. அடியில் கற்பலகை பதித்தது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. நான்கு புறமும் கோல் வீசி ஆடுவதற்கு ஏறத்தாழ 22 அடிக்கு 16 அடி இடம் வேண்டும். அத்துணை இடத்தில் ஒரு நேரத்தில் ஆடுவோர் இருவரே. அதே இடத்தில் உடற்பயிற்சிக் கருவிகளை அமைத்தால் பத்துப் பேரிடம் கட்டணம் பெறலாம். இடித்துக் குடியிருப்பு எழுப்பினால் இன்னும் மிகுதியாகப் பெறலாம். நிலத்தின் விலை உயர உயர, மேசைக்கு இடமில்லாமற் போயிற்று.

இரண்டாவது, 2007 ஜூலை முதல் நாளில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த புகைத்தடை. உடல்நலம் கருதிய நற்சட்டம் அது. அதனைக் குறைகூற நான் முற்படவில்லை. எனினும் புகைத்தலோடு பிணைந்திருந்த பழைய வாடிக்கையாளர் பலர் வருவதை நிறுத்தினர். அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடி வந்தது. நாடு முழுவதும் கிளை பரப்பியிருந்த ரைலீஸ் என்னும் கழக நிறுவனம் 2009இல் கடன் சுமையால் திவால் நிலையைச் சந்தித்தது. 2020இல் கொரோனாத் தொற்று எஞ்சியிருந்த கழகங்களின் கதவுகளையும் மாதக்கணக்கில் அடைத்தது. இவற்றிற்கிடையே, வீட்டிலிருந்தபடியே ஆடத்தக்க கணினி விளையாட்டும் கைப்பேசியும் இளைஞர்களைத் தம்பால் ஈர்த்துக்கொண்டன.

மூன்றாவது காரணம் அக்கழகங்கள் தாமே தேடிக்கொண்டது. 1978இல் வேக்ஃபீல்டு நகரத் தொழிலாளர் மன்றம் ஒன்றில் ஷீலா கேப்ஸ்டிக் என்னும் பெண்மணி, பெண் என்ற காரணத்தால் ஸ்னூக்கர் ஆடத் தடுக்கப்பட்டார். அவர் அதனை எதிர்த்து இயக்கம் நடத்தினார். அம்மன்றங்களின் ஒன்றியம் பெண்களுக்குச் சம உரிமை வழங்க 2007 வரை ஆயிற்று. ஊரில் பாதிப் பேரை வாயிலில் நிறுத்திய ஓர் இடம், தனக்குத் துன்பம் வந்த காலத்தில் ஊராரின் துணையை எதிர்பார்ப்பது யாங்ஙனம்?

இதில் ஒரு முரண் உண்டு. கழகங்கள் தளர்ந்தனவே அன்றி ஆட்டம் தளரவில்லை. 1927இல் ஜோ டேவிஸ் பெற்ற பரிசு ஆறரைப் பவுன். 2025இல் உலகப் பட்டம் வென்ற சீன இளைஞர் ஜாவோ சிண்டோங் பெற்றது 5 இலட்சம் பவுன். அப்பட்டத்தை வென்ற முதல் ஆசியரும் அவரே. காண்போர் உலகெங்கும் இருக்கின்றனர். பிறந்து வளர்ந்த தெருவில் ஆடுவோர்தாம் அருகிவிட்டனர். ஓர் ஆட்டம் செல்வத்தில் கொழிப்பதும் சமுதாயத்தில் மெலிவதும் ஒரே காலத்தில் நிகழக்கூடும் என்பதற்கு இது சான்று.

பெரியோரின் அச்சம்

இவ்விடங்களைப் பற்றிப் பெரியோர் கொண்ட அச்சம் அடிப்படையற்றதன்று. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயத்திற்குப் பணம் கட்டும் கூடங்கள் இருந்தன. பந்தயங்களுக்கு இடைப்பட்ட நேரத்தைப் போக்க அங்கே பில்லியர்ட்ஸ் மேசைகளை இட்டனர். நாளடைவில் பந்தயப் பணத்தைத் திரட்டுதலைக் குறித்த சொல்லே, ஆறு பைகள் கொண்ட சிறுமேசை ஆட்டத்திற்குப் பெயராயிற்று. நம் கழகம் என்னும் சொல்லின் கதையும் இதுவும் ஒன்றுபோலிருத்தல் காண்க! பணம் வைத்து ஆடுதல், வகுப்பைத் துறந்து செல்லுதல், புகையும் போதையும் பழகுதல் ஆகிய தீமைகள் இத்தகைய இடங்களில் நுழைந்ததுண்டு. இவற்றை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

ஆயினும் அக்கூடங்களில் இளைஞர் கற்றவையும் உண்டு. எதிராளி கோல் பிடித்து நிற்கும்போது வாய்மூடி இருத்தல் வேண்டும். தன் கோலோ ஆடையோ பந்தைத் தொட்டுவிட்டால், நடுவர் காணாதபோதும் தானே முன்வந்து தவறென உரைப்பது இவ்வாட்டத்தின் மரபு. தன்முறை வரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். தந்தையை ஒத்த அகவையினரும் மகனை ஒத்த அகவையினரும் ஒரே விளக்கின்கீழ் நின்று ஆடுவர். வயதால் மூத்தவர் தோற்பதும் உண்டு. தோற்றபின் கைகொடுத்துப் பிரிதல் முறை. இப்பண்புகளைப் பாடநூலால் மட்டும் ஊட்டிவிட இயலாது.

கைப்பேசித் திரையிலும் பந்துகள் உருளுகின்றன. ஆனால் அங்கே தவறை ஒப்புக்கொள்ள வேண்டிய எதிராளி முகம் இல்லை. கண்டிக்கும் பெரியவர் இல்லை. வீட்டுக்கு அனுப்பிக் கதவடைக்கும் காவலர் இல்லை. பணம் கட்டி ஆடும் சூதோ, அன்று தெருமுனையில் இருந்தது. இன்று தலையணைக்கு அடியில் இருக்கிறது. தெருமுனைக் கூடத்திற்குச் செல்லும் மகனைத் தந்தை கண்டு தடுக்கலாம். மூடிய அறைக்குள் விரலசைவில் பணம் இழக்கும் மகனை யார் காண்பார்?

நமக்குரிய கடமை

வடசென்னையை எண்ணிப் பாருங்கள். கேரம் ஆட்டத்தில் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையரான மரிய இருதயம், 2008இல் உலகப் பட்டம் வென்ற இளவழகி, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கங்களை வென்ற ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா ஆகியோர் தமிழ் மண்ணின் செல்வங்கள். அவர்கள் மாளிகையில் வளர்ந்தவரல்லர். கேரம் பலகைக்கு 22 அடி அறை தேவையில்லை. ஒரு திண்ணையே போதும். பலகையும் பழக்குவோரும் எட்டும் தொலைவில் இருந்ததனால், எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் உலக மேடையை எட்டினர்.

ஆதலின், நம் ஊர்ப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். தீய இடம் ஒன்றை மூடுக என்று கூறும் உரிமை உங்களுக்கு உண்டு. அவ்வுரிமையோடு பிறிதோர் இடத்தைத் திறக்கும் கடமையும் உண்டு. ஊருக்கு ஒரு பொது அறை. அதில் இரண்டு கேரம் பலகை, ஒரு சதுரங்கப் பலகை, சில நாளிதழ்கள். பணம் வைத்து ஆடுதலும் புகைத்தலும் கூடாது என்னும் உறுதியான விதி. பெண்பிள்ளைகளுக்கும் உரிய நேரமும் இடமும். மாலைதோறும் உடனிருக்கப் பெரியவர் ஒருவர். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டா, மனம் வேண்டும். வகுப்பு முடிந்தபின் பூட்டிக் கிடக்கும் அறைகள் நம் கல்லூரிகளிலேயே உள்ளன.

அன்று வினவிய மாணவருக்கு இக்கட்டுரை வாயிலாக விடை கூறுகின்றேன். தம்பி, அங்கே போகிறவன் உருப்படுவானா என்று கேட்டாய். அங்கே யார் உடனிருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. சூதாடுமிடத்தைக் குறித்த கழகம் என்னும் சொல்லைக் கல்வி நிலையத்திற்குரிய சொல்லாக உயர்த்தியது தமிழ்ச் சமுதாயம். சொல்லை உயர்த்தத் தெரிந்த நமக்கு, இடத்தை உயர்த்தவும் தெரிதல் வேண்டும்.