ஒருமை பன்மை மயக்கமும் மலைநாட்டு மாணவரும்

(கொட்டகலைத் தமிழாசிரியர் ஒருவர்)

ஆங்கிலம் கற்கும் மலைநாட்டுப் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகளிலே சிவப்பு மை மிகுதியாகச் சிந்தும் இடம் யாதென வினவின், சொல்லீற்றில் விடுபட்ட ‘எஸ்’ என்னும் ஓரெழுத்தே எனத் தயங்காது விடை கூறலாம். ‘டூ புக்’ என்றும் ‘மெனி ட்ரீ’ என்றும் மாணவன் எழுதுவான், ஆசிரியர் திருத்துவார், மறுநாளும் அவன் அவ்வாறே எழுதுவான். முடிவிலே ‘கவனயீனம்’ என்னும் தீர்ப்புக் கொப்பியின் ஓரத்திற் பொறிக்கப்படும். ‘தோட்டத்துப் பிள்ளைக்கு இங்கிலீசு ஏறாது’ என்னும் பழிச்சொல்லும் சிலர் வாயிற் பிறக்கும். இத்தீர்ப்பு நீதியன்று என்பதே எமது கருத்து. அம்மாணவன் இலக்கணம் அறியாதவன் அல்லன். தன் தாய்மொழியின் இலக்கணத்தை வழுவறக் கைக்கொள்பவன்.

இவ்வுண்மையைத் தேயிலை மலையிலேயே காணலாம். கொழுந்து பறிப்போர் ‘இரண்டு இலை, ஒரு மொட்டு’ என்பர். இரண்டு என்னும் எண் முன்வந்தும் ‘இலை’ மாறவில்லை. இதனையே ஆங்கிலத்தில் ‘டூ லீவ்ஸ் அண்ட் எ பட்’ என்பர். அங்கே ‘லீஃப்’ என்பது ‘லீவ்ஸ்’ எனத் திரிந்தே தீரவேண்டும். எண்ணே பன்மையை உணர்த்திவிட்டபின் பெயரும் அதனை உணர்த்தவேண்டுவதில்லை என்பது தமிழ் நெறி; எண் உணர்த்தினும் பெயரும் உணர்த்தல் வேண்டுமென்பது ஆங்கில நெறி. இரண்டும் நெறிகளே, ஒன்று உயர்ந்ததுமன்று, மற்றது தாழ்ந்ததுமன்று.

நம் இலக்கண ஆசிரியர் இதனை நன்குணர்ந்தவர். ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என்னுமிடத்துப் பெயர் ஒன்றே. ஒன்றா பலவா என்பதை வினைமுற்றே காட்டுகின்றது. இத்தகைய பெயர்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் எனப் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தார். அஃறிணைப் பெயர்கள் ‘கள்’ விகுதியை ஏற்குமிடத்து ஏற்கும் என்பதும் தொல்காப்பியத்திலேயே கூறப்பட்டது. எனவே அஃறிணையிற் ‘கள்’ வேண்டுமிடத்து வருவது. எங்கும் வந்தே தீரவேண்டுவதன்று. ‘புத்தகம் வாங்கினான்’ என்னும் தொடரிலே வாங்கியது ஒன்றா பலவா என்பது சொல்லப்படவில்லை, சொல்லவேண்டிய தேவையுமில்லை. உயர்திணையிலோ நெறி வேறு. ‘மூன்று மாணவன் வந்தான்’ என எந்தப் பிள்ளையும் கூறான்.

இம்மயக்கம் தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலம் கற்கும் சீனப் பிள்ளைகளும் இவ்விடத்திலேயே இடறுவர். சீனமொழியிற் புத்தகத்தை ‘ஷூ’ என்பர். ஒரு புத்தகம் ‘யி பென் ஷூ’. மூன்று புத்தகம் ‘சான் பென் ஷூ’. இடைநின்ற ‘பென்’ புத்தகத்தை எண்ணுதற்குரிய அளவைச் சொல்; நம்மவர் ‘பத்துப் பேர்’ என்னுமிடத்துப் ‘பேர்’ நிற்றல் போன்றது. ‘ஷூ’ மாறுவதேயில்லை. நான் என்னும் ‘வோ’, நாங்கள் எனப் பொருள்படும்போது ‘வோமென்’ ஆகும். அந்த ‘மென்’ மக்களைக் குறிக்கும் பெயர்களோடு சேருமேயன்றிப் பொருட்பெயர்களோடு சேர்வது வழக்கமன்று. நமது திணைப் பாகுபாட்டை இஃது ஓரளவு ஒத்திருத்தல் காண்க. 1987ஆம் ஆண்டுமுதல் ஆங்கிலமே பொதுப் போதனாமொழியாக உள்ள சிங்கப்பூர்ப் பாடசாலைகளிலே, சீனப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்து, வெவ்வேறு வீட்டுமொழியினின்று வந்து, ஒரே இடறலை எதிர்கொள்வது வியப்பன்று.

இலக்கணத்தோடு ஒலியும் சேர்ந்து தடைசெய்கின்றது. தமிழ்ச் சொல்லின் ஈற்றில் வல்லின மெய் நில்லாது. ‘புக்’ என்பதையே ‘புக்கு’ என உகரம் கூட்டி ஒலிக்கும் நாவுக்குப் ‘புக்ஸ்’ எவ்வளவு கடினம்! சீனப் பொதுமொழியின் அசைகளும் பெரும்பாலும் உயிரிலோ மூக்கொலியிலோ முடிவன. நாவில் நில்லாத ஒலி எழுத்திலும் நழுவிப்போதல் இயல்பேயாம்.

நிற்க. ஆங்கில வகுப்பிலே தாய்மொழி நுழையலாகாது என வாதிப்போர் உளர். ஆங்கிலத்தைக் கேட்டும் பேசியும் பழகுதலே சிறந்ததென அவர் கூறுவதில் உண்மையுண்டு. ஆயினும், வீட்டிலும் கடையிலும் ஆங்கிலம் கேளாத லயத்துப் பிள்ளைக்கு வாரத்திற் சில பாடவேளைகளே கிடைக்கின்றன. அச்சிறு பொழுதிலே வேற்றுமை இன்னதென ஐந்து நிமிடம் தமிழில் உரைப்பது, ஐந்து மாதத்துத் திருத்தலை மிச்சப்படுத்தும். தாய்மொழியை வாயிலில் நிறுத்திவைத்தாலும் அது பிள்ளையின் நெஞ்சினூடாக உள்ளே வந்தேவிடும். அதனை அழைத்து அமர்த்துதலே அறிவுடைமை.

அதற்கு எமக்குத் தோன்றும் வழிகள் சில. முதலில் உயர்திணைப் பெயர்களினின்று தொடங்குக. மாணவன், மாணவர் என வேறுபடுத்த அறிந்த பிள்ளை ‘பாய்’, ‘பாய்ஸ்’ என்பதை எளிதிற் பற்றிக்கொள்வான். மாடும் மரமும் பின்னர் வரட்டும். இரண்டாவதாக, எண்ணத்தகும் பொருளின் பெயர் ஆங்கிலத்தில் ஒருமையாயின் பெரும்பாலும் தனித்து நில்லாதெனக் காட்டுக. முன்னே ‘எ’, ‘த’ போன்றதொரு சொல் வரல்வேண்டும். பன்மையாயின் பின்னே ‘எஸ்’ வரல்வேண்டும். மூன்றாவதாக, எண்ணப்படாத பொருளைக் கொழுந்தைக்கொண்டே விளக்குக. இருபது கிலோ பறித்தாலும் நாம் ‘கொழுந்துகள்’ என்பதில்லை; தோட்டத்துரைமாரும் அதனைக் ‘கிரீன் லீஃப்’ என ஒருமையிலேயே வழங்கினர். கற்றோரும் ‘ஃபர்னிச்சர்ஸ்’ என வழுவுமிடம் இதுவே. நான்காவதாக, ‘த பாய் ரன்ஸ்’, ‘த பாய்ஸ் ரன்’ என்னும் தொடர்களை அருகருகே எழுதிக் காட்டுக. பெயரிற் பன்மை குறிக்கும் ‘எஸ்’ நிகழ்கால வினையிலே ஒருமைக்கு வருதலை யாரும் விளக்காவிடின் பிள்ளை மயங்காது என்செய்வான்?

நம் பிள்ளைகள் சிங்களமும் கற்கின்றனர். அங்கே ‘பொத’ என்பது ஒரு புத்தகம்; ‘பொத்’ என்பது பல. பன்மைக்குச் சொல் குறுகுகின்றது! இம்மூன்று மொழிகளையும் ஒருங்குவைத்துக் காட்டின் பிள்ளைகள் சலிப்பின்றிச் சிரித்துக்கொண்டே கற்பர்.

தமிழாசிரியர்க்கும் ஒரு சொல். ஆங்கிலப் பழக்கத்தால் ‘பத்து மரம்’ என்பதை வழுவென அடித்துப் ‘பத்து மரங்கள்’ எனத் திருத்தும் வழக்கம் நம்மிடையே பரவிவருகின்றது. ‘மரங்கள்’ குற்றமன்று, ஆனால் ‘மரம்’ என்பதைக் குற்றமாக்குவது பெருங்குற்றம். ஆங்கில வகுப்பிலே தமிழ்நெறிக்காகவும், தமிழ் வகுப்பிலே ஆங்கில நெறிக்காகவும் ஒரே பிள்ளை தண்டிக்கப்படலாமா?

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழியாக்கிற்று. அம்மொழியைக் கற்குங்கால் நாணிக் குன்றும் பிள்ளை, தோட்டத்து எல்லைக்கு அப்பாலுள்ள பலவற்றையும் இழக்கின்றான். இவ்விழா மலரைப் படிக்கும் பழைய மாணவருள் ஆசிரியரும் அதிபரும் பலராவர். தத்தம் பாடசாலையிலே தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் தவணைக்கு ஒருமுறையேனும் கூடியிருந்து மாணவர் கொப்பிகளை ஒன்றாகப் பார்க்க அவர்கள் வழிசெய்வாராக. ஓரெழுத்துக் குறைவதால் ஒரு பிள்ளையை அறிவிலி என்னும் வழக்கம் நம்மோடு ஒழியட்டும்.