காலியாகக் கிடக்கும் நாற்காலிகள்

இங்கிலாந்தில் வாழும் நாம், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் அதிகம் பேசுவது கத்தோலிக்கப் பள்ளியைப் பற்றித்தான். பிள்ளைக்கு இடம் கிடைக்குமா, மறைக்கல்வி ஒழுங்காக நடக்கிறதா என்று. அந்தப் பள்ளியின் ஆளுநர் குழுவுக்கு ஆள் தேவை எனப் பங்குத்தந்தை அறிவிக்கும்போது மட்டும் நமக்கு நேரம் இருப்பதில்லை.

1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் வழிவந்த அரசு உதவிபெறும் பள்ளிகளில், ஆயர் நியமிக்கும் ஆளுநர்கள் மற்ற எல்லா உறுப்பினர்களையும்விட இருவர் கூடுதலாக இருக்க வேண்டும். ஆசிரியர்களை நியமிப்பதும் சேர்க்கை விதிகளை வகுப்பதும் அந்தக் குழுவே. ஆயருக்குரிய இடங்கள் நிரம்பாவிட்டால், திருச்சபையின் பெரும்பான்மை காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

ஊதியம் இல்லை. பதவிக்காலம் வழக்கமாக நான்கு ஆண்டுகள். ஆசிரியராக இருந்திருக்கத் தேவையில்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்தவர், கட்டட வேலை அறிந்தவர் எல்லாருமே பயன்படுவர். தலைமையாசிரியரிடம் மரியாதையோடு கேள்வி கேட்கவும் வேண்டும். (நமக்கு இதுதான் கடினம். ஆசிரியரைக் கேள்வி கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவே நாம்!) பணியில் இருப்போர் இதற்காக நியாயமான நேரம் விடுப்புக் கேட்க 1996-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் இடம் தருகிறது; அந்த நேரத்துக்குச் சம்பளம் தரும் கட்டாயம் முதலாளிக்கு இல்லை.

இப்போது பல மறைமாவட்டங்களில் பள்ளிகள் அகாடமி அறக்கட்டளைகளில் இணைந்துவிட்டன. அங்கே முக்கிய அதிகாரம் அறக்கட்டளையின் இயக்குநர்களிடம் உள்ளது. ஆகவே நம் பங்கின் பள்ளி எவ்வகையைச் சேர்ந்தது என்று முதலில் கேட்டறிவோம். விண்ணப்பத்துக்குப் பொதுவாகப் பங்குத்தந்தையின் பரிந்துரை தேவைப்படும்.